பிலோமி ரூம்

சோலைமட்டத்துக்கு மழை எப்போதும் ஜூன் முதல் வாரத்தில்தான் மலையேறி வரும், வந்தால் ஆகஸ்ட் முடியும்வரை கீழே இறங்காது. ஆனால் சவரிமுத்து வீடு கட்ட ஆரம்பித்த வருஷம் அது மே மாதக் கடைசியிலேயே, நிலத்தில் கோடு போட்ட அன்று சாயங்காலமே வந்துவிட்டது. நாற்பது வருஷம் எஸ்டேட் லயத்தில் ஒற்றை அறையில் குடியிருந்த குடும்பம் சொந்தமாக வாங்கிய மூன்று சென்ட் அது. அதில் எசக்கி கொத்தனார் மூலைக்கு மூலை முளையடித்து, மூலைமட்டம் பார்த்துக் கயிறு கட்டி, கயிற்றோரமாகச் சுண்ணாம்புப் பொடியை விரலிடுக்கில் விட்டுக்கொண்டே குனிந்த முதுகோடு நடந்து, முன்னறை, அடுப்படி, புருஷன் பெண்டாட்டிக்கு ஓர் அறை, மகளுக்கு ஓர் அறை என்று முழு வீட்டையும் வெள்ளைக் கோட்டில் தரையில் படுக்கவைத்துவிட்டுப் போயிருந்தார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் முன்னறை கரைந்துபோயிருந்தது, அடுப்படி கரைந்துபோயிருந்தது, புருஷன் பெண்டாட்டி அறை எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. மகளுக்கென்று போட்ட பத்தடிக்கு ஒன்பதடி மட்டும், விரலை வைத்தால் ஒட்டுகிற உலர்ந்த பொடியாக, போட்டது போட்டபடி இருந்தது. கோட்டுக்கு வெளியே கணுக்கால் சேறு. கோட்டுக்கு உள்ளே புழுதி.

எசக்கி கொத்தனார் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போய் நின்றார். நாலு பக்கமும் மழை சுவர் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது, அவர் தலைமேல் ஒரு துளி இல்லை. அண்ணாந்து பார்த்தார். மேகம் எல்லா இடத்திலும் இருப்பது போலத்தான் அங்கேயும் இருந்தது.

"மதலக்கா," என்றார், "சிமெண்ட் மூட்டைக்கு ஷெட்டு போடணும்னு சொன்னேன்ல. வேண்டாம். இங்கனயே அடுக்கிக்கலாம்."

மதலையம்மாள் சேற்றில் நின்றபடி அந்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுடைய மகள் பிலோமினாவின் அறை. பிலோமி செத்து அன்றைக்கு ஆறு மாதம் நடந்துகொண்டிருந்தது.

மலைக்குக் கீழே சமவெளியில் ஒரு பஞ்சு மில்லில் பிலோமி மூன்று வருஷம் வேலை பார்த்தாள். இந்த மூன்று சென்ட் அவள் சம்பளத்தில் வந்தது. மில் ஹாஸ்டலில் உட்கார்ந்து கோடு போட்ட நோட்டுத்தாளில் வீட்டுக்குப் படம் வரைந்து தபாலில் அனுப்பியவளும் அவள்தான். நாலு கட்டம் போட்டு, நாலாவது கட்டத்தில் 'நான்' என்று மட்டும் எழுதியிருந்தாள். போன நவம்பரில் நெஞ்சில் சளி கட்டி, அங்கேயே ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்து, ஐந்தாம் நாள் எஸ்டேட் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். அதன்பிறகு வீட்டைப் பற்றிப் புருஷனும் பெண்டாட்டியும் பேசவில்லை. ஆனால் வரப்போகிற டிசம்பரோடு சவரிமுத்துவுக்கு வேலை ஓய்வு, ஓய்வானால் லயத்து அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாக வேண்டும், கட்டித்தான் தீர வேண்டும் என்று வந்தபோது சவரிமுத்து ஒரே ஒரு தடவை, முகத்தைப் பார்க்காமல், "ரெண்டு ரூமு போதும்ல?" என்று கேட்டார்.

"பேப்பர்ல என்ன இருக்கோ அதைக் கட்டுங்க," என்றாள் மதலையம்மாள்.

அப்படித்தான் செத்த பிள்ளைக்கு அறை போட்டார்கள், அந்த அறையில்தான் மழை பெய்யாமல் இருந்தது.

முதலில் சிமெண்ட் மூட்டைகள் அங்கே போயின. அப்புறம் அஸ்திவாரத்துக்கு வானக்குழி தோண்ட வந்த ஆட்கள், கடப்பாரையை வெளியே சாத்திவிட்டு, சேற்றுக்காலைக் கழுவிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு உள்ளே போய் உட்கார்ந்தார்கள். சோற்றில் மழை விழாமல் சாப்பிடுவது அந்த ஊரில் வெளிவேலைக்காரர்களுக்கு வாய்க்காத சுகம். அதைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் பார்த்தார்கள். மறுநாள் அவர்களில் ஒருத்தி, மூன்று நாளாகக் காயாமல் நாற்றமெடுத்த கைக்குழந்தையின் துணிகளை ஒரு வாளியில் கொண்டுவந்து, "மதலக்கா, பிலோமி ரூம்ல காயப் போட்டுக்கட்டா?" என்று கேட்டாள். ஆறு மாதமாக அந்தப் பெயரை யாரும் மதலையம்மாள் முன்னால் சொன்னதில்லை. அவள் வந்தால் பேச்சை மாற்றினார்கள், தங்கள் பெண்பிள்ளைகளைக் கூப்பிடும்போதுகூடக் குரலைத் தணித்துக்கொண்டார்கள். இப்போது ஒருத்தி வாளியும் கையுமாக நின்று, பிலோமி இருக்கிறாளா என்று வாசலில் விசாரிக்கிற மாதிரி கேட்கிறாள்.

"போடு," என்றாள். "கயிறு நான் கட்டித் தர்றேன்."

ஒரு வாரத்துக்குள் சோலைமட்டம் முழுவதும் அந்தப் பெயரைச் சொல்ல ஆரம்பித்தது. மிளகாய் எங்கே என்றால் பிலோமி ரூமில் கிடக்கிறது என்றார்கள், தாத்தா எங்கே என்றால் பிலோமி ரூமில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார் என்றார்கள். ரேஷன் கடைக்காரர் நனைந்த அரிசி மூட்டையைப் பிரித்து அங்கே உலர்த்தினார், பள்ளிக்கூடத்து டீச்சர் பரீட்சைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மார்க் போட்டாள், இஸ்திரி போடுகிறவர் கரிப்பெட்டியோடு வந்து கோட்டோரமாக இடம் பிடித்தார், வயிறு தொங்கிய ஒரு தெருநாய் சிமெண்ட் மூட்டைக்குப் பின்னால் ஐந்து குட்டி போட்டது. யாரும் கூடிப் பேசாமலேயே சட்டங்கள் உண்டாயின: செருப்பைக் கழற்ற வேண்டும், எச்சில் துப்பக் கூடாது, கைக்குழந்தை வீட்டுக்காரர்களுக்கு முதல் கயிறு, அங்கே நின்றுகொண்டு யாரையும் திட்டக் கூடாது. எஸ்டேட் ஆபீசில் மழைக்கணக்கு எழுதும் கிளார்க் தன் அளவுக்குடுவையைக் கொண்டுவந்து அறைக்கு வெளியே ஒரு நாள், உள்ளே ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, ரெஜிஸ்டரில் வழக்கமான வரிக்குக் கீழே 'சவரிமுத்து மகள் அறை: இல்லை' என்று எழுதினார், மேனேஜர் அதைச் சிவப்பு மையில் சுழித்தாரே தவிர அடிக்கவில்லை. பங்குச் சாமியார் வந்தார். உள்ளே நின்று கண்ணை மூடிச் செபம் சொல்லிவிட்டு, பிஷப்புக்கு இதைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டார்.

"எழுதாதீங்க சாமி," என்றாள் மதலையம்மாள். "கூட்டம் வரும். அவளுக்குக் கூட்டம் ஆகாது."

அவர் எழுதவில்லை. போகும்போது தன் நனைந்த அங்கியை மட்டும் கொடியில் போட்டுவிட்டுப் போனார்.

சவரிமுத்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார், ஆனால் அந்த அறைக்குள் போகவில்லை. அவர் தேயிலை ஃபேக்டரியில் டிரையர் பிரிவில் வேலை பார்க்கிறவர். உடம்பெல்லாம் வறுத்த இலையின் வாசனை அடிக்க, ஷிஃப்ட் முடிந்து நேராக நிலத்துக்கு வருவார், வானக்குழி எத்தனை அடி ஆழம் போயிருக்கிறது என்று பார்ப்பார், தேங்கிய தண்ணீரை வாளியால் இறைத்து ஊற்றுவார், கொத்தனாரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவார். சாமியார் வந்து முதல் கல்லுக்குத் தீர்த்தம் தெளித்த ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. கருங்கல் கட்டுக்குக் கலவை போட அவசரமாகச் சிமெண்ட் வேண்டும், ஆட்கள் எல்லாரும் கல் புரட்டிக்கொண்டிருந்தார்கள், எசக்கி கொத்தனார் கரண்டியும் கையுமாகக் குழிக்குள் நின்று, "அண்ணே, ஒரு மூட்டை எடுத்துத் தாங்க" என்றார். சவரிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தார்.

மழை அவர்மேல் விழுந்தது.

அறை முழுக்க விழவில்லை. ஓர் ஆள் அகலத்துக்கு, தலையும் தோளும் நனையும் அளவுக்கு, அவர் நின்ற இடத்தில் மட்டும் விழுந்தது. அவர் ஒரு எட்டு நகர்ந்தார், அதுவும் ஒரு எட்டு நகர்ந்தது. மூட்டையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு அவர் வெளியே வருவதற்குள் அது ஊறி வழிந்து சட்டையெல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது. பக்கத்துக் கொடியில் துணி காய்ந்தபடி இருந்தது. மிளகாய் காய்ந்தபடி இருந்தது. மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்த கிழவி தன் முந்தானையைத் தடவிப் பார்த்தாள், காய்ந்திருந்தது.

இஸ்திரிக்காரர் எழுந்து வந்து தன் குடையைச் சவரிமுத்து தலைக்குமேல் பிடித்தார்; மழை குடைக்குக் கீழே பெய்தது.

அதற்கும் ஊர் ஒரு வழி பண்ணிக்கொண்டது. முப்பது வருஷம் டிரையர் சூட்டில் நின்ற உடம்பு, அந்தச் சூடு மழையை இழுக்கிறது என்று ஃபேக்டரிக்காரர்கள் சொன்னார்கள். தகப்பன் அழாத அழுகை அப்படி வருகிறது என்று பெண்கள் சொன்னார்கள். எப்படியிருந்தாலும் அவர் பிள்ளை அறை, அவர் வரத்தான் செய்வார், வந்தால் மற்றவர்கள் சாமான் நனையக் கூடாது என்று வடகிழக்கு மூலையில் மூன்றடி இடத்தை அவருக்கென்று ஒதுக்கினார்கள். எசக்கி கொத்தனார் அந்த மூலையிலிருந்து வெளியே, விரல் ஆழத்துக்கு, ஒரு வாய்க்கால் கீறிவிட்டார். சவரிமுத்துவும் வர ஆரம்பித்தார். தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்து அந்த மூலையில் கால்மணி நேரம் நிற்பார், தண்ணீர் அவர் தலையில் விழுந்து காதோரம் இறங்கி வாய்க்காலில் ஓடி வெளியே போகும், பக்கத்தில் டீச்சர் மார்க் போட்டுக்கொண்டிருப்பாள், நாய்க்குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்திருக்கும்.

"ஏங்க ஒங்க மேல மட்டும் பெய்யுது?" என்று மதலையம்மாள் கேட்டாள். துண்டால் அவர் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்.

"தெரியல," என்றார் சவரிமுத்து.

அவருக்குத் தெரியும்.

போன வருஷம் ஆகஸ்டில், மதலையம்மாள் தங்கச்சியின் ஆபரேஷனுக்காக வத்தலகுண்டுக்குப் போய்ப் பத்து நாள் தங்கியிருந்தபோது, ஒரு சாயங்காலம் பிலோமி வந்தாள். லயத்தில் எல்லாரும் கொழுந்து நிறுவைக்குப் போயிருந்த நேரம். சொல்லாமல் வந்திருந்தாள், பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்தே வந்திருந்தாள், பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, "அப்பா, எனக்கு அங்க முடியலப்பா" என்றாள். அதைச் சொல்வதற்குள் இரண்டு தடவை இருமினாள். சவரிமுத்து அவளைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்: இன்னும் ஒரு வருஷம், நிலம் வாங்கியாயிற்று, அஸ்திவாரம் மட்டும் போட்டுவிட்டால் போதும், அப்புறம் நீ எங்கேயும் போக வேண்டாம், உன் ரூமில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டிரு. மறுநாள் காலை, லயம் எழுவதற்கு முன்பே, முதல் பஸ்சுக்கு அவரே பையைத் தூக்கிக்கொண்டு போய், அவளுக்குக் குடை பிடித்து, ஏற்றிவிட்டு வந்தார். மூன்று மாதத்தில் அவள் செத்துப்போனாள். அவள் வந்ததை மதலையம்மாளிடம் அவர் சொல்லவில்லை. முதலில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொல்லவில்லை. அப்புறம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்குப் பதில் இல்லாததால் சொல்லவில்லை.

ஜூலை நடுவில் கருங்கல் கட்டு தரைமட்டத்துக்கு வந்துவிட்டது. அந்த மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை, லயத்தில் இவர்களுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிற சின்னப்பன் தன் மகள் மரகதத்தை மில்லுக்கு அனுப்ப அழைத்து வந்தான். லீவுக்கு வந்த பெண் லீவு முடிந்து போகிறாள், அவ்வளவுதான். பஸ் ஸ்டாப்பில் கூரை இல்லாததால், பெட்டி நனையாமல் இருக்க பிலோமி ரூமில் வைத்துக்கொண்டு நிற்பது அந்த மழைக்காலத்தில் எல்லாருக்கும் பழக்கமாகியிருந்தது. அங்கிருந்து பார்த்தால் வளைவில் பஸ் திரும்புவது தெரியும். மதலையம்மாள் தூக்குச் சட்டியில் கொண்டுவந்த டீயை ஆட்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். சவரிமுத்துவுக்கு அன்றைக்குப் பிற்பகல் ஷிஃப்ட். அவர் கோட்டுக்கு வெளியே நின்று, கல் எண்ணிக்கொண்டிருந்தார்.

மரகதம் தன் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். வளைவில் ஹாரன் சத்தம் கேட்டதும், அவள் தகப்பன் பக்கம் திரும்பாமல், தரையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னாள்.

"அப்பா, எனக்கு அங்க முடியலப்பா."

"ஒரு ஆறு மாசம் கண்ணு," என்றான் சின்னப்பன். அவனும் திட்டவில்லை. "ஆறே மாசம். அப்பறம் அப்பாவே வந்து கூட்டிட்டு வந்துர்றேன்."

சவரிமுத்து கையிலிருந்த கல்லைக் கீழே போட்டார். செருப்போடு கோட்டைத் தாண்டி உள்ளே போனார், தன் மூலைக்குப் போகாமல் நேராக நடுவுக்குப் போனார், அவருடைய மழையும் கூடவே போனது, மிளகாய் நனைந்தது, ரேஷன் அரிசி நனைந்தது, கொடியில் கிடந்த துணியெல்லாம் நனைந்தது. மரகதத்தின் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"சின்னப்பா, அனுப்பாத."

"அண்ணே, பஸ் வந்துருச்சு…"

"இதே வார்த்தைடா. எம் புள்ளயும் இதே வார்த்தையைத்தான் சொன்னா. போன ஆகஸ்ட்ல வந்தா. என்னால முடியலன்னு சொல்லிட்டு வந்து நின்னா. நான்தான் வீடு கட்டணும்னு சொல்லி மறுநாள் காலைல பஸ் ஏத்திவிட்டேன். நான்தான்டா ஏத்திவிட்டேன்."

சட்டையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. பஸ் வந்து நின்றது, கண்டக்டர் இரண்டு தடவை விசில் கொடுத்தார், யாரும் ஏறவில்லை, பஸ் போய்விட்டது. சின்னப்பன் மகளுடைய நனைந்த பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். மரகதத்தின் கையைப் பிடித்து, லயத்தைப் பார்த்து நடந்தான்.

அதன்பிறகுதான் எல்லாரும் மதலையம்மாளைப் பார்த்தார்கள். அவள் தூக்குச் சட்டியில் மிச்சமிருந்த டீயைச் சேற்றில் கவிழ்த்தாள். டம்ளர்களை ஒவ்வொன்றாக வாங்கிக் கழுவி அடுக்கினாள். பிறகு மழையில், தலையில் எதுவும் போட்டுக்கொள்ளாமல், வீட்டுக்குப் போனாள்.

எட்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், கொழுந்து பறிக்கப் போய்வந்தாள், கட்டுக்குள் மண் நிரப்ப லாரி வந்தபோது ஆட்களோடு சேர்ந்து கூடை சுமந்தாள். ஊரில் யாரும் அவரைத் தப்பாகப் பேசவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. நனைந்த அரிசிக்கு ரேஷன் கடைக்காரர் கணக்குக் கேட்கவில்லை, துணிக்காரிகள் மறுபடி அலசிப் போட்டார்கள். எதிரே வந்தவர்கள் எப்போதும் போல் "சாப்ட்டீங்களாண்ணே" என்று கேட்டார்கள். மரகதம் கொழுந்து பறிக்கப் போக ஆரம்பித்தாள். மதலையம்மாளுக்கு அடுத்த நிரையில்தான் நின்றாள். அந்தப் பெண் இருமாமல், பாட்டை முணுமுணுத்துக்கொண்டு இலை கிள்ளுவதைப் பார்த்து, மதலையம்மாள் ஒரு நாள் பாதி வேலையில் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள் என்று பிறகு எஸ்டேட் மேஸ்திரி வந்து சொன்னார்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் சவரிமுத்து தன் மூலையில் நின்றுகொண்டிருந்தபோது அவள் கோட்டுக்கு வெளியே வந்து நின்றாள்.

"அன்னிக்கு என்ன சாப்ட்டா?"

அவருக்கு முதலில் புரியவில்லை.

"வந்தாள்ல. அன்னிக்கு. என்ன சாப்ட்டா?"

"ரசம் இருந்துச்சு. முட்டை ஒண்ணு பொரிச்சுக் குடுத்தேன்."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான் இருந்துச்சு."

அவள் அதைக் கேட்டுக்கொண்டு போய்விட்டாள். மறுநாள், என்ன உடுத்தியிருந்தாள் என்று கேட்டாள். நீலச் சுடிதார், துப்பட்டா இல்லை, பஸ்ஸில் மறந்துவிட்டேன் என்றாள் என்று அவர் சொன்னார். அதற்கு மறுநாள், எங்கே படுத்தாள் என்று கேட்டாள்.

"நீ படுக்குற எடத்துலதான். ஒன்னோட பழைய சேலையை எடுத்துப் போத்திக்கிட்டா."

"எந்தச் சேலை?"

"செவப்புல கட்டம் போட்டது."

மதலையம்மாள் அன்றைக்கு அங்கேயே, சேற்றில், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து நின்றாள். மில்லுக்கு அனுப்பியதற்காக அவள் அவரைத் திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார், அதற்காகத்தான் காத்துக்கொண்டும் இருந்தார். ஆனால் அவள் நிமிர்ந்து வேறு ஒன்றைச் சொன்னாள். "எனக்குக் கிடைக்காத ஒரு நாள் ஒங்களுக்குக் கிடைச்சிருக்கு. அவளோட ஒரு முழு ராத்திரி. அதை இத்தனை மாசம் நீங்க மட்டும் வெச்சிருந்திருக்கீங்க."

அதனால் அவர் அந்த நாளை அவளிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். ஜூலை முடியும்வரை, ஆகஸ்டிலும், அஸ்திவாரத்துக்குள் மண் கொட்டித் தண்ணீர் விட்டு திமிசுக்கட்டையால் அடித்து இறுக்கிய நாட்களிலெல்லாம், தினம் ஒரு கேள்வி, தினம் ஒரு பதில். கைநகத்தில் சாயம் பூசியிருந்தாள், பாதி உரிந்திருந்தது. அடுப்படியில் எலி இருக்கிறதா என்று கேட்டாள். அப்பாவுடைய சட்டையைத் துவைத்துப் போட்டாள், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. படம் போட்ட தாளைப் பிரித்துப் பார்த்து, என் ரூமுக்கு ஜன்னல் ரோட்டுப்பக்கம் வேண்டாம், மலைப்பக்கம் வைத்துவிடுங்கள் என்றாள். இதைக் கேட்டதும் மதலையம்மாள் ஓடிப்போய்க் கொத்தனாரிடம் சொன்னாள். அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, "ஜன்னல் மட்டம் வரட்டும்க்கா, மலைப்பக்கமே வெச்சுருவோம்" என்று குறித்துக்கொண்டார். ஊருக்கும் இது தெரிந்திருந்தது. இருவரும் பேசும் நேரத்தில் பிலோமி ரூமில் இருந்தவர்கள் எழுந்து, துணியை எடுக்கிற மாதிரி, மிளகாயைக் கிளறுகிற மாதிரி, தூரமாகப் போனார்கள். டீச்சர் மட்டும் ஒரு தடவை நகர மறந்து, கேட்டுவிட்டு, அன்றைக்கு ஒரு தாளுக்கும் மார்க் போடாமல் போனாள்.

ஒரு நாளில் இருக்கிற விஷயங்கள் எத்தனை இருக்க முடியும்? ஆகஸ்ட் நடுவில் கம்பி கட்டி, கருங்கல் கட்டின் மேல் சுற்றிலும் பெல்ட் கான்கிரீட் போட்டு முடித்தபோது அவரிடம் சொல்வதற்கு அநேகமாக ஒன்றுமில்லாமல் போயிருந்தது.

பெல்ட் போட்டால் ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும், இல்லையென்றால் வெடித்துவிடும். மற்ற அறைகளுக்குக் கவலையில்லை, மழையே பார்த்துக்கொண்டது. பிலோமி ரூமின் நாலு பக்க பெல்ட்டும் உள்பாதி காய்ந்து வெளுக்க ஆரம்பித்ததைப் பார்த்து எசக்கி கொத்தனார் தலையைச் சொறிந்தார். வாளியில் மொண்டு ஊற்றிப் பார்த்தார். அந்த அறைக்குள் ஊற்றிய தண்ணீர் ஊற்றிய வேகத்தில் உலர்ந்தது. கடைசியில் தயங்கித் தயங்கி வந்து கேட்டார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. பெல்ட்டை ஒட்டி உள்பக்கமா ஒரு மூணு சுத்து நடந்து வர்றீங்களா? காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா."

சவரிமுத்து தப்பாக நினைக்கவில்லை. அன்றிலிருந்து அவர் பெல்ட்டை ஒட்டி நடந்தார், ஒவ்வொரு அடிக்கும் கொஞ்ச நேரம் நின்று, அவர்மேல் விழுந்த தண்ணீர் கான்கிரீட்டில் வழிந்து, வெளுத்தது கறுக்கும்வரை பார்த்துவிட்டு, அடுத்த அடி வைத்தார். ஒரு சுற்றுக்குக் கால்மணி நேரம் ஆகும். ஐந்தாம் நாள் மதலையம்மாள் வந்தாள், கோட்டுக்கு வெளியே நிற்காமல், பெல்ட்டைத் தாண்டி உள்ளே இறங்கி, நேராக வந்து அவர் பக்கத்தில் தோளை ஒட்டி நின்றாள். அவர் மழை அவள்மேலும் விழுந்தது. அவர் விலகப் பார்த்தார். அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரு சுற்று நடந்தார்கள்.

"பஸ் ஏறும்போது என்ன சொன்னா?"

இந்த ஒன்றைத்தான் அவர் இத்தனை நாளும் சொல்லாமல் வைத்திருந்தார். மற்றதெல்லாம் தீர்ந்த பிறகு இது ஒன்றுதான் மிச்சம் என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"பஸ் ஏறும்போது இல்ல. அதுக்கு முன்னாடி. வீட்ல கெளம்பும்போது." அவர் நின்றார். "அம்மா எப்ப வரும்னு கேட்டா. வெள்ளிக்கிழமை வரும்னேன். அப்ப வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்து அம்மாவைப் பாத்துட்டுப் போறேன்ப்பான்னா."

மதலையம்மாளின் பிடி அவர் முழங்கையில் இறுகியது.

"நான் வேண்டாம்னேன். இப்பவே கெளம்புன்னேன்."

"நான் இருந்தா அனுப்பியிருக்க மாட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான்…"

"தெரிஞ்சுதான், மதல."

அவள் அவர் முழங்கையை விட்டாள். மழையிலிருந்து வெளியே வந்து, அறையின் நடுவில், அடித்து இறுக்கிய புதுமண்ணில் உட்கார்ந்தாள். அவள் சேலை அங்கே சீக்கிரமே காயத் தொடங்கியது. நாலு பக்கமும் சோலைமட்டத்து மழை இறங்கிக்கொண்டிருந்தது. கொடிகளில் ஊர்த்துணி அசையாமல் தொங்கியது. சவரிமுத்து எங்கே போவதென்று தெரியாமல், நின்ற இடத்திலேயே நனைந்துகொண்டு நின்றார். அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தார், லயத்துக்கு அல்ல, வத்தலகுண்டுக்கு, திரும்பி வராமல். போனால் தடுக்கக் கூடாது என்றும் நினைத்தார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவரைப் பார்க்கவில்லை. பெல்ட்டைத்தான் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள்.

"அந்த மூலை இன்னும் நனையல," என்றாள்.

அவர் அந்த மூலைக்குப் போய் நின்றார்.